வீட்டை அடகு வைத்த நடிகர்: ஜான் காசவெட்டிஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

1970-களின் தொடக்கத்தில் நடிகை ஜீனா ரோலண்ட்ஸ் தன் கணவரிடம் ஒரு நாடகம் எழுதித் தரச் சொன்னார். இந்தக் காலத்துப் பெண் படும் பாட்டைச் சொல்லும் நாடகமாக அது இருக்க வேண்டும் என்று கேட்டார். கணவர் ஜான் காசவெட்டிஸ் எழுதிக் கொடுத்தார். படித்து முடித்த ரோலண்ட்ஸ், இதை வாரத்துக்கு எட்டுக் காட்சி மேடையில் நடிக்கத் தன்னால் ஆகாது, உடம்பும் மனமும் தாங்காது என்று சொல்லிவிட்டார். அவ்வளவு உக்கிரமான வேடம். அதே எழுத்தைக் காசவெட்டிஸ் திரைக்கதையாக மாற்றினார். பணம் கேட்டுப் போன இடத்திலெல்லாம், மனம் பேதலித்த ஒரு நடுவயதுப் பெண்ணின் கதையை யார் பார்க்க வருவார்கள் என்று கையை விரித்தார்கள். அவர் வீட்டை அடகு வைத்தார். துப்பறியும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வழியாகப் பெரும்புகழ் பெற்றிருந்த நண்பர் பீட்டர் ஃபால்க், தன் கைப்பணத்திலிருந்து 5 லட்சம் டாலர் போட்டார். அப்படித்தான் 'எ உமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்' உருவானது. 1974-இல் வெளிவந்த அந்தப் படம், சிறந்த நடிகைக்கும் சிறந்த இயக்குநருக்கும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது.

நடிகர்கள் இயக்குநராவது அமெரிக்காவில் புதிதல்ல. பெயரும் செல்வாக்கும் சேர்ந்த பிறகு, அந்தச் செல்வாக்கை வைத்து ஒரு ஸ்டூடியோவிடம் பணம் வாங்கிப் படம் எடுப்பார்கள். காசவெட்டிஸ் நடந்தது வேறு வழி. ஸ்டூடியோ தந்த நடிப்புச் சம்பளத்தை எடுத்து வந்து, ஸ்டூடியோ எடுக்கத் துணியாத படங்களில் போட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இப்படியே வாழ்ந்தார். ஏன் அப்படிச் செய்தார், அதனால் படத்துக்குள் என்ன மாறியது என்ற இரண்டு கேள்விகளை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. இயக்குநரான பிறகும் அவர் நடிகரின் பக்கத்திலிருந்து ஓர் அடிகூட நகரவில்லை என்பது என் முடிவு. பணம், விளக்கு, கேமரா, படத்தொகுப்பு, விநியோகம் என்று எதில் அவர் எடுத்த முடிவைப் பார்த்தாலும், நடிகருக்கு இடம் விட வேண்டும் என்ற ஒரே பிடிவாதம்தான் அடியில் இருக்கிறது.

பின்னணி

1929 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில், கிரேக்கத்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் சில ஆண்டுகள் குடும்பம் கிரேக்கத்தில் இருந்தது. ஏழு வயதில் அமெரிக்கா திரும்பியபோது அவருக்கு ஆங்கிலம் பேச வராது. பேச்சு புரியாத இடத்தில் மனிதர்களின் முகத்தையும் கையையும் பார்த்துப் பொருள் கண்டுகொண்ட பிள்ளை அவர். பின்னாளில் எடுத்த படங்களில் வசனத்தைவிட முகங்கள் அதிகம் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏழு வயதுச் சிறுவன் நினைவுக்கு வருகிறான்.

நியூயார்க்கில் உள்ள அமெரிக்கன் அகாடமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட்ஸில் நடிப்புப் பயின்றார். 1954-இல் ரோலண்ட்ஸை மணந்தார். நேரலைத் தொலைக்காட்சி நாடகங்கள் நடிகர்களுக்குச் சோறு போட்ட காலம் அது. அங்கே தொடங்கி, 1957-இல் சிட்னி பாய்ட்டியருடன் 'எட்ஜ் ஆஃப் தி சிட்டி'யில் நடித்து நல்ல பெயர் வாங்கினார். கோபக்கார இளைஞன் வேடமென்றால் அவரைக் கூப்பிடு என்கிற நிலை வந்துவிட்டது. அதே வேடத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு வசதியாக வாழ்ந்திருக்கலாம்.

ஒரே படம், இரண்டு முறை

நியூயார்க்கில் நண்பர் பர்ட் லேனுடன் சேர்ந்து ஒரு நடிப்புப் பட்டறை நடத்திக்கொண்டிருந்தார். அங்கே ஒரு நாள் செய்த பயிற்சியில் ஒரு சூழ்நிலை கிடைத்தது. மூன்று கறுப்பினச் சகோதரர்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். தங்கைக்கு வெள்ளைத் தோல் என்று சொல்லும்படியான நிறம். அவளைக் காதலிக்கும் வெள்ளை இளைஞன், அவளுடைய கறுத்த அண்ணனைக் கண்டதும் முகம் மாறுகிறான். இதைப் படமாக எடுக்கலாமே என்று காசவெட்டிஸுக்குத் தோன்றியது.

பணம் வந்த விதம் சுவையானது. ஜீன் ஷெப்பர்டு நள்ளிரவில் நடத்திய வானொலி நிகழ்ச்சிக்கு, தான் நடித்த படத்தைப் பற்றிப் பேசப் போயிருந்தார். பேச்சு வேறு பக்கம் திரும்பியது. மக்களே பணம் அனுப்பினால் மக்களைப் பற்றி உண்மையான படம் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தார். நேயர்கள் டாலர் தாள்களை அனுப்பத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 2,000 டாலர் சேர்ந்தது. ஒரு படத்துக்கு அது எந்த மூலைக்கும் காணாது. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. 16 மில்லிமீட்டர் கேமராவை எடுத்துக்கொண்டு, அனுபவமில்லாத குழுவோடு நியூயார்க் தெருக்களில் இறங்கினார். நடிகர்கள் அந்தந்த நேரத்தில் மனத்தில் பட்டதைப் பேசினார்கள். யாரும் அதை எழுதி வைக்கவில்லை. ஒலி சேர்க்க உட்கார்ந்தபோது யார் என்ன பேசினார்கள் என்று தெரியாமல், உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை அமர்த்த வேண்டியிருந்தது என்று அவரே பின்னாளில் சொன்னார்.

'ஷேடோஸ்' 1958-இல் நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சிகளாகத் திரையிடப்பட்டது. விமர்சகர் ஜோனஸ் மெக்காஸ் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். அவருடைய இதழ் தன் முதல் 'சுதந்திரத் திரைப்பட' விருதையே அதற்குத் தந்தது. முதல் படத்துக்கு இப்படியொரு வரவேற்பு கிடைத்தால் எவரும் அங்கேயே நின்றிருப்பார்கள். காசவெட்டிஸுக்குப் படம் பிடிக்கவில்லை. கேமராக் கோணங்களிலும் தாளத்திலும் தான் மயங்கிவிட்டதாகவும், மனிதர்கள் காணாமல் போய்விட்டதாகவும் அவருக்குப் பட்டது. 1959-இல் அதே நடிகர்களைத் திரும்ப அழைத்துப் புதுக் காட்சிகளை எழுதி எடுத்து, பழையதில் பெரும்பகுதியை வெட்டி எறிந்தார். மெக்காஸ் வெகுண்டார்; முதல் படம்தான் படம் என்று அச்சிலேயே எழுதினார். காசவெட்டிஸ் அசையவில்லை. இன்று உலகம் பார்ப்பது இரண்டாவது வடிவத்தைத்தான்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. 'ஷேடோஸ்' முடியும்போது, நீங்கள் பார்த்த படம் ஒத்திகையற்ற உடனடி நடிப்பு என்று திரையில் எழுத்து வருகிறது. அந்த ஒரு வரி அவர் காலம் முழுவதும் விடாமல் துரத்தியது. அவர் படங்களில் எல்லோரும் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அந்த எழுத்தைத் தாங்கியிருக்கும் இரண்டாவது வடிவத்திலேயே கணிசமான பகுதி எழுதி எடுத்தது. அடுத்து வந்த சொந்தப் படங்கள் பெரும்பாலும் முழுத் திரைக்கதையோடு எடுக்கப்பட்டவை. சொற்கள் முன்பே எழுதப்பட்டிருந்தன. அவற்றை எந்த உணர்ச்சியில் சொல்வது என்பது மட்டும் நடிகரிடம் விடப்பட்டது. அதை அவர் முன்கூட்டித் தீர்மானிக்க மறுத்தார்.

ஸ்டூடியோவில் பட்ட சூடு

'ஷேடோஸ்' வைத்த கடனை அடைக்க 'ஜானி ஸ்டக்காட்டோ' என்ற தொலைக்காட்சித் தொடரில் நடித்தார். ஜாஸ் பியானோ வாசிக்கும் துப்பறிவாளர் வேடம், 27 பகுதிகள். படம் ஐரோப்பாவில் பேசப்பட்டதும் ஹாலிவுட் கூப்பிட்டது. பாரமவுண்டுக்காக எடுத்த 'டூ லேட் புளூஸ்' பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டாவது படம்தான் அவரைத் திருப்பிப் போட்டது.

'எ சைல்டு இஸ் வெயிட்டிங்', 1963. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றின் கதை. பர்ட் லங்காஸ்டர், ஜூடி கார்லண்ட் என்று பெரிய நடிகர்கள். குழந்தைகளாக நடித்தவர்களில் பெரும்பாலோர் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் இருந்த அரசு மருத்துவமனையில் வாழ்ந்த நிஜக் குழந்தைகள். தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமர், படத்தொகுப்பை அவர் கையிலிருந்து பிடுங்கித் தன் விருப்பப்படி வெட்டினார். காசவெட்டிஸ் அந்தப் படத்தைத் தன் படம் என்று ஏற்கவில்லை. இந்தக் குழந்தைகள் இல்லங்களில்தான் இருக்க வேண்டும் என்று கிரேமரின் படம் சொல்கிறது. நலமாக இருப்பதாக நினைத்துக்கொள்ளும் பெரியவர்களைவிட அவர்கள் தங்கள் வழியில் மேலானவர்கள் என்று தான் எடுத்த படம் சொன்னது என்பது காசவெட்டிஸின் வாதம். குழந்தைகளை எடுத்த விதத்தைப் பார்த்தால் அவர் வாதம் சரியென்றே தோன்றுகிறது. கேமரா அந்த முகங்களைப் பரிதாபத்தோடு பார்க்கவே இல்லை. விளையாட்டுத் தோழனைப் போல அருகில் போய் நிற்கிறது.

அதன்பின் கொஞ்ச காலம் இயக்கும் வேலை வரவில்லை. கடைசிக் கத்தரி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் படத்தின் சொந்தக்காரர் என்பதை அவர் கையைச் சுட்டுக்கொண்டு கற்றார். இனி கத்தரியை விலைக்கு வாங்கிவிட வேண்டியதுதான்.

கராஜில் மூன்று ஆண்டுகள்

1965-இல் லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டிலும் மாமியார் வீட்டிலுமாக 'ஃபேஸஸ்' படத்தை எடுக்கத் தொடங்கினார். கறுப்பு வெள்ளை, 16 மில்லிமீட்டர். படப்பிடிப்பு ஏறத்தாழ ஆறு மாதம் நடந்தது. நடிகர்களும் தொழில்நுட்பக் குழுவும் நண்பர்கள். பலருக்குச் சம்பளம் கிடையாது. முக்கியப் பெண் வேடத்தில் நடித்த லின் கார்லின் ஓர் அலுவலகச் செயலாளர். அதற்கு முன் திரையில் நடித்ததே இல்லை. எடுத்த சுருள் மலைபோல் குவிந்தது. கராஜைத் தொகுப்பு அறையாக்கி மூன்று ஆண்டுகள் வெட்டினார்கள். அதற்கான செலவுக்குத்தான் 'தி டர்ட்டி டஜன்' (1967), 'ரோஸ்மேரீஸ் பேபி' (1968) போன்ற படங்களில் நடித்தார். முதலாவது அவருக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையையே வாங்கித் தந்தது. அந்தச் சம்பளம் படச்சுருள் கழுவும் லேப் கட்டணமாகக் கரைந்தது.

நடிகர் என்ற அறிவு அவரது தொழில்நுட்பத்தையே எப்படி மாற்றியது என்பது இந்தப் படத்தில் தெளிவாகத் தெரியும். வழக்கமான படப்பிடிப்பில், நடிகர் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் குறி போடுவார்கள். விளக்கு அந்தக் குறிக்கு அமைக்கப்படும், ஃபோகஸ் அந்தக் குறிக்கு அளக்கப்படும். நடிகருக்கு அழுகை வந்து இரண்டடி தள்ளிப் போனால் காட்சி பாழ். இந்தக் கொடுமையை அனுபவித்தவர் காசவெட்டிஸ். அறை முழுவதற்கும் பொதுவாக விளக்கு போடச் சொன்னார். தரையில் குறி கிடையாது. நடிகர் எங்கே போகிறாரோ கேமரா அங்கே போக வேண்டும். பிடிக்க முடியாவிட்டால் அது கேமராக்காரர் பாடு. அதனால் ஃபோகஸ் தப்பும், தோள் ஒன்று குறுக்கே வந்து முகத்தை மறைக்கும், யாரோ திரைச் சட்டகத்துக்கு வெளியே சிரிப்பார்கள். இவற்றைக் குறையென்று பார்த்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தடுமாற்றத்தில்தான் உயிர் தெரிகிறது. அடுத்த நொடி யார் என்ன செய்வார்கள் என்று கேமராவுக்கே தெரியாதபோது பார்ப்பவருக்கும் தெரியாது.

1968-இல் வெனிஸ் திரைப்பட விழாவில், இந்தப் படத்தில் நடித்த ஜான் மார்லி சிறந்த நடிகர் விருது பெற்றார். திரைக்கதைக்குக் காசவெட்டிஸ், துணை வேடங்களுக்குச் சீமோர் கஸல், லின் கார்லின் என்று மூன்று ஆஸ்கர் பரிந்துரைகளும் வந்தன. கராஜில் வெட்டிய படத்துக்கு, செயலாளராக இருந்த பெண்ணுக்கு.

அடுத்து வந்த 'ஹஸ்பண்ட்ஸ்' (1970) பற்றி நல்ல வார்த்தை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நண்பன் ஒருவனின் இறுதிச் சடங்குக்குப் பிறகு மூன்று ஆண்கள் வீட்டுக்குப் போகாமல் குடித்துத் திரிகிறார்கள். காசவெட்டிஸ், ஃபால்க், பென் கஸாரா மூவரும் நடித்தது. மதுக்கடையில் ஒரு பெண் பாட, உணர்ச்சியில்லை என்று அவளைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லி மூவரும் வதைக்கும் காட்சி நீண்டுகொண்டே போகிறது. அந்த ஆண்களின் குரூரத்தைப் படம் காட்டுகிறதா, அல்லது அதில் தானும் சேர்ந்துகொள்கிறதா என்று எத்தனை முறை பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. நடிகருக்கு எல்லை இல்லாமல் இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அவருடைய வாழ்விலேயே சான்று இருக்கிறது.

மேபலின் மேசை

'எ உமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்' படத்துக்குத் திரும்புவோம். அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் அப்போது காசவெட்டிஸ் தங்கிப் பணியாற்றினார். அங்கே படித்த மாணவர்கள் பலர் குழுவில் வேலை செய்தார்கள். கதாநாயகியின் தாயாக ரோலண்ட்ஸின் தாயும், மாமியாராகக் காசவெட்டிஸின் தாய் கேத்தரினும் நடித்தார்கள். நிஜ மாமியார் திரையிலும் மாமியார்.

நிக் கட்டுமானத் தொழிலாளி. இரவு முழுவதும் வேலை பார்த்துவிட்டுக் காலையில் பத்துப் பன்னிரண்டு தோழர்களை வீட்டுக்கு அழைத்து வருகிறான். அவன் மனைவி மேபல் முகம் சுளிக்காமல் எல்லோருக்கும் ஸ்பகட்டி சமைக்கிறாள். மேசையின் ஒரு கோடியில் நிக், மறு கோடியில் அவள். அவர்களில் ஒருவர் இத்தாலிய ஓபரா ஒன்றை எடுத்துப் பாடுகிறார். மேபல் எழுந்து போய், அவர் முகத்துக்கு வெகு அருகில் குனிந்து, அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவளைப் போல வாயையே பார்க்கிறாள். பிறகு இன்னொருவரிடம் போகிறாள், தன்னோடு ஆடச் சொல்கிறாள். அவருக்குக் கூச்சம். நண்பனின் மனைவி, நண்பன் எதிரே இருக்கிறான். அவள் விடுவதாயில்லை. மேசையில் சிரிப்பு மெல்லக் குறைகிறது. நிக் பொறுக்க முடியாமல் கத்துகிறான். அவ்வளவுதான், தட்டில் உணவு மிச்சமிருக்க ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள்.

அந்தக் காட்சியில் மேபல் தவறாக எதையும் செய்துவிடவில்லை. விருந்தாளிகளைச் சந்தோஷப்படுத்த நினைத்தாள். அளவு எங்கே முடிகிறது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. இதை எப்படி நடிப்பது என்று ரோலண்ட்ஸ் படப்பிடிப்பில் தவித்தபோது, உனக்குக் கதை பிடித்திருந்தது, நடிக்கிறேன் என்றாய், அதனால் நடி என்று மட்டும் சொல்லிக் காசவெட்டிஸ் விலகிக்கொண்டார். ரோலண்ட்ஸ் அதைக் கொடுமையாக நினைக்கவில்லை. தன்னை நம்பி விட்ட சுதந்திரம் என்றே பின்னாளில் நினைவுகூர்ந்தார். நடிகைக்கு இயக்குநர் அளிக்கக்கூடிய மரியாதைகளில் இது கடினமான ஒன்று.

படம் முடிந்தது, விநியோகிக்க எவரும் முன்வரவில்லை. காசவெட்டிஸும் நண்பர்களும் தியேட்டர் உரிமையாளர்களுக்குத் தாங்களே தொலைபேசியில் பேசினார்கள். கல்லூரிகளில் திரையிட்டு, போய்ப் பேசினார்கள். 1974 அக்டோபரில் நியூயார்க் திரைப்பட விழாவில் காட்டிய பிறகு பேச்சு பரவியது. பெரிய விநியோக நிறுவனம் எதுவும் இல்லாமல் நாடு முழுவதும் போன படம் என்ற வகையில் அமெரிக்கத் திரைத்தொழிலில் அது ஒரு முன்னோடி.

கணக்கு

ஒரு படத்தில் வந்தது அடுத்ததில் போனது. 'தி கில்லிங் ஆஃப் எ சைனீஸ் புக்கி' 1976-இல் வந்த வேகத்திலேயே தியேட்டரைவிட்டுப் போயிற்று. இரண்டு ஆண்டு கழித்து அதைச் சுருக்கி மறுபடி வெளியிட்டார். கஸாரா நடித்த காஸ்மோ, கடனில் மூழ்கியும் தன் சின்ன இரவு விடுதியையும் அங்கே ஆடும் பெண்களையும் விடாமல் காப்பாற்றப் பார்க்கிறவன். இயக்குநர் தன்னையே எழுதியிருக்கிறார் என்று பலரும் சொல்வது மிகையல்ல.

'ஓப்பனிங் நைட்' 1977 கிறிஸ்துமஸ் நாளில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரே தியேட்டரில் வெளியாகிச் சில வாரங்களில் நின்றது. முதுமையை ஏற்க முடியாத மேடை நடிகையின் கதை. பெர்லின் விழா ரோலண்ட்ஸுக்குச் சிறந்த நடிகை விருது தந்தது. அமெரிக்காவில் முறையான வெளியீடு கிடைத்தது 1991-இல்தான். இயக்கியவர் அதைக் காண உயிரோடு இல்லை. நடிப்பைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களில் இதற்கு இணையாக நான் பார்த்தவை மிகச் சில என்பதால், இந்தப் பதினான்கு ஆண்டு தாமதம் மற்ற எல்லாத் தோல்விகளையும்விட எனக்கு உறுத்துகிறது.

அவர் விற்பதற்கென்றே எழுதிய 'குளோரியா' (1980) திரைக்கதை, ரோலண்ட்ஸ் நடிக்க, கொலம்பியா நிறுவனத்துக்காக அவரே இயக்கும்படி ஆயிற்று. அது வெனிஸ் விழாவின் முதற்பரிசான தங்கச் சிங்கத்தைப் பகிர்ந்துகொண்டது. தன் உயிரைக் கொடுத்து எடுத்த படங்கள் கடனை வைக்க, அரைமனதோடு செய்த வேலை பரிசும் பணமும் கொண்டுவந்தது.

கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சம்பளம் இல்லாமல் உழைத்தவர்கள், படப்பிடிப்புத் தளமாக மாறிய வீட்டில் வளர்ந்த மூன்று பிள்ளைகள், வாய்ப்புகளை இந்தப் படங்களோடு பிணைத்துக்கொண்ட மனைவி, எல்லோரும் அந்தப் பிடிவாதத்தின் விலையில் பங்கு கொடுத்தார்கள். குடி அவர் ஈரலைத் தின்றது. பிள்ளைகள் நிக், அலெக்ஸாண்ட்ரா, ஜோயி மூவருமே பின்னர் இயக்குநர்கள் ஆனார்கள். அந்த வீட்டைப் பற்றி அவர்கள் தந்த சாட்சியமாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் காசவெட்டிஸின் மூன்று படங்கள் சேர்க்கப்பட்டன: மேபலின் கதை 1990-இல், 'ஷேடோஸ்' 1993-இல், 'ஃபேஸஸ்' 2011-இல். குறைந்த செலவில் எடுக்கப்படும் படங்களுக்கு இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதுகளில் தரப்படும் பரிசு அவர் பெயரைத் தாங்குகிறது.

1984-இல் 'லவ் ஸ்ட்ரீம்ஸ்' வந்தது. பெர்லின் விழாவின் முதற்பரிசான தங்கக் கரடி பெற்றது. அதற்குப் பிறகும் ஒரு படம் அவர் பெயரில் உண்டு, 'பிக் டிரபிள்'; நடுவில் போய்க் கைகொடுத்த வேலை, அதை அவர் தன் கணக்கில் சேர்க்கவில்லை. 'லவ் ஸ்ட்ரீம்ஸ்' படத்தில் அண்ணனாக நடிக்க வேண்டியவர் விலகிவிட, அவரே நடித்தார். தங்கை ரோலண்ட்ஸ். நோய் அவர் உடம்பில் தெரியத் தொடங்கியிருந்தது. கேமரா அதை மறைக்க முயலவில்லை. கடைசிக் காட்சியில் வெளியே அடைமழை. தங்கை மூட்டை முடிச்சோடு கிளம்பிப் போகிறாள். தண்ணீர் வழியும் சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அவர் நின்று, தொப்பியை எடுத்து அசைக்கிறார். 1989 பிப்ரவரி 3 அன்று, 59 வயதில், ஈரல் நோயால் இறந்தார். அந்தச் சன்னல் அவருடைய சொந்த வீட்டுச் சன்னல்; 1965-இல் 'ஃபேஸஸ்' எடுத்த அதே வீடு.